பெண்டஹாரா: ஒரு பட்டமும் அதன் குடியும்

ஸ்காத்லாந்து நாட்டு வரலாற்றைப் படிப்போர் 'ஸ்டூவர்ட்' என்னும் அரச குலத்தின் பெயரைக் காணாதிரார். அப்பெயர் ஓர் ஊரின் பெயரன்று. முன்னோர் ஒருவரின் இயற்பெயருமன்று. அது ஒரு வேலையின் பெயர். அரண்மனையின் உக்கிராணத்தையும் உணவுக்கூடத்தையும் மேற்பார்த்த அலுவலரையே ஆங்கிலேயர் அச்சொல்லால் குறித்தனர். 12ஆம் நூற்றாண்டில் வால்ட்டர் என்பார் அவ்வேலையை ஸ்காத்லாந்து மன்னரிடம் பெற்றார். அவர் வழியினர் அதனைத் தலைமுறை தலைமுறையாக வகித்தனர். அவருள் ஒருவர் மன்னர் மகளை மணந்தார். அவர்தம் மகன் இராபர்ட் 1371இல் தாமே அரியணை ஏறினார். 1603இல் அக்குலத்து ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் மன்னரானார். அரண்மனை உக்கிராணத்தின் சாவி, நூற்றாண்டுகள் சில கழிந்ததும், செங்கோலாக மாறிய கதை இது.

இத்தகைய கதை நாம் வாழும் ஜொகூர் மண்ணிலும் உண்டு; அதுவும் ஏறத்தாழ இதே பொருளுடைய ஒரு பட்டத்திலிருந்து தொடங்குகிறது. நம் மாணவர் வரலாற்றுப் பாடத்தில் மனப்பாடம் செய்யும் 'பெண்டஹாரா' என்னும் சொல்லே அது. தேர்வுக்காக 'முதலமைச்சர்' என்று ஒரு சொல்லில் பொருளெழுதிவிட்டு அவர்கள் அதனைக் கடந்து விடுகின்றனர். கடந்துபோகத் தக்க சொல்லன்று அது.

பொருள் சேர்த்து வைக்கும் இடம் என்னும் பொருளுடைய வடசொல்லாகிய 'பாண்டாரம்' தமிழில் 'பண்டாரம்' ஆயிற்று. மலாயில் 'பெண்டஹாரா' ஆயிற்று. பண்டாரம் என்றவுடன் நம் பிள்ளைகள் கோயிலில் பூக்கட்டும் பண்டாரத்தையே நினைப்பர். ஆயின் சோழர் காலக் கல்வெட்டுகளில் 'ஸ்ரீபண்டாரம்' என்பது கோயிற் கருவூலம். இன்றும் நம் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பொருளாளரை மலாயில் 'பெண்டஹாரி' என்றே எழுதுகிறோம். இரு சொல்லும் ஒரு வேரின. மலாக்காவின் பெருந்தலைவர் பட்டங்களுள் பல இவ்வாறு நமக்கு அணுக்கமானவை. கடற்படைத் தலைவரின் 'லக்சமணா' இராமனின் தம்பி பெயர். 'பாதுக்கா ராஜா' என்பதன் முற்பகுதி, பரதன் தலைமேற்கொண்ட பாதுகைதான். சோழர் தம் அலுவலர்க்கு 'மூவேந்த வேளான்' என்றும், அவர்க்கு முற்பட்ட தமிழ் வேந்தர் 'ஏனாதி', 'காவிதி', 'எட்டி' என்றும் பட்டம் அளித்ததைப் படித்தவர்க்கு, மலாக்காவின் முறை அயலானதாகத் தோன்றாது.

மலாக்கா அரசு 1400ஆம் ஆண்டளவில் தோன்றி 1511இல் போர்த்துக்கீசியரிடம் வீழ்ந்தது. அவ்வரசில் பெண்டஹாரா, சுல்தானுக்கு அடுத்த நிலையினர். பட்டம் பெற்ற பெருமக்களின் வழக்குகள் அவரிடம் சென்றன. நகரின் காவலும் குற்றவாளிகளைப் பிடித்துச் சிறையிடுவதும் தெமெங்கோங்கின் பொறுப்பு. கடல் லக்சமணாவின் ஆட்சிக்குட்பட்டது. அயல்நாட்டு வணிகரை ஷாபந்தர்கள் கவனித்தனர். பெண்டஹாராவும் தெமெங்கோங்கும் பெரும்பாலும் ஒரே குடியினர். தெமெங்கோங்காக இருந்தவர் பின்னர் பெண்டஹாரா ஆவதும் உண்டு. இதனை மாணவர் நினைவிற்கொள்ளல் வேண்டும். நாம் பின்னர்க் காணவிருக்கும் ஜொகூர் வரலாறு இதில்தான் முடிச்சிட்டுக் கிடக்கிறது.

இக்குடியின் வரலாற்றை நமக்குக் கூறும் முதன்மை ஏடு 'செஜாரா மெலாயு'. அதன்படி, 'கெலிங்' நாட்டின் பாகிலி என்னும் ஊரிலிருந்து மணி புரிந்தான் என்னும் முஸ்லிம் பெருமகன் மலாக்காவுக்கு வந்தார். அக்கால மலாய் வழக்கில் கெலிங் என்பது தென்னிந்தியக் கீழைக் கரையைக் குறிக்கும். அவர் கடலில் கப்பலுடைந்து தத்தளித்தபோது ஒரு மீன் அவரைத் தாங்கிக் கரை சேர்த்ததாகவும், அதனால் தம் வழியினர் அம்மீனை உண்ணலாகாதென விலக்கியதாகவும் ஏடு கூறும். மீன் தாங்கியதை வரலாறென ஏற்க வேண்டுவதில்லை. ஆயினும் ஒரு குடி தன் தோற்றத்தைக் கடலோடும் ஒரு விலக்கோடும் பிணைத்து நினைவு வைத்திருந்தது என்பது வரலாறே.

மணி புரிந்தான் மலாக்காவில் ஸ்ரீ நர திராஜா என்னும் பட்டமுடைய பெருமகனின் மகளை மணந்தார். அவர்களுக்குத் துன் அலி என்னும் மகனும் துன் வாத்தி என்னும் மகளும் பிறந்தனர். மகள் சுல்தான் முகமது ஷாவுக்கு மனைவியானார். அவருடைய மகன் ராஜா காசிம். சுல்தான் மறைந்தபின் ரோக்கான் நாட்டு இளவரசியின் மகன் ராஜா இப்ராஹிம் அரசராக்கப்பட்டார். 1440களின் நடுவில் ஓரிரவு துன் அலி தம் மருமகன் ராஜா காசிமை முன்னிறுத்தி அரண்மனையைக் கைக்கொண்டார். இளைய அரசர் கொல்லப்பட்டார். ராஜா காசிம், சுல்தான் முசபர் ஷா ஆனார். பின்னர்ப் பெண்டஹாரா ஸ்ரீ வாக் ராஜா சுல்தானின் சினத்திற்கு ஆளானதாக எண்ணி நஞ்சுண்டு இறக்கவே, அப்பதவி துன் அலிக்கு வந்தது. கடல் கடந்து வந்தவரின் மகன், ஒரே தலைமுறையில், அரசரை ஆக்கும் நிலையை அடைந்தார்.

நஞ்சுண்டு இறந்தவரின் மகனே துன் பேராக். கிள்ளானின் தலைவராயிருந்த அவர், சயாமியர் படையெடுத்தபோது வீரர்களை மனைவி மக்களோடு மலாக்காவுக்கு அழைத்து வந்தார். குடும்பத்தைக் காப்பதற்கெனில் ஆடவர் இருமடங்கு ஊக்கத்துடன் பொருவர் என்பது அவர் கருத்து. அவர் புகழ் வளரவளர, தந்தையின் பட்டத்தை இழந்த மகனுக்கும் அதனைப் பெற்றிருந்த துன் அலிக்கும் இடையே நாடு இரண்டாகப் பிளக்கும் நிலை வந்தது. சுல்தான் ஒரு வழி கண்டார். துன் பேராக்கின் தங்கை துன் கூடு அப்போது சுல்தானின் மனைவி. சுல்தான் அவரை மணவிலக்குச் செய்து துன் அலிக்கு மணமுடித்தார். துன் அலி பெண்டஹாரா பதவியைத் துன் பேராக்குக்கு விட்டுக்கொடுத்தார். 1456இல் இது நிகழ்ந்தது. அரசியல் நோக்கில் இது பெரும் அறிவுடைமை. துன் கூடுவின் மனம் யாதாக இருந்ததென்பதை நாம் ஊகிக்க மட்டுமே இயலும்; பாடநூல்கள் அவரைத் தியாகி என்று எளிதாகப் புகழ்ந்துவிடுகின்றன.

துன் பேராக் 1498 வரை நான்கு சுல்தான்களுக்குப் பெண்டஹாராவாக இருந்தார். அவர் வாழ்வில் ஒரு நிகழ்ச்சியை மட்டும் ஈண்டுக் கூறலாம். அவர் மகன் துன் பெசார் தெருவில் செப்பாக் ராகா ஆடிக்கொண்டிருந்தார். அவ்வழியே குதிரையில் வந்த சுல்தான் மன்சூர் ஷாவின் மகன் ராஜா முகமதுவின் தலைப்பாகையைப் பந்து தட்டிவிட்டது. உடன் வந்தவன் துன் பெசாரைக் குத்திக் கொன்றான். பெண்டஹாராவின் ஆட்கள் படைக்கலம் ஏந்தினர். அரசர்க்கு மாறாகக் கை ஓங்குவது மலாயருக்கு ஆகாது என்று தடுத்தார் தந்தை. ஆயினும் அவ்விளவரசர் தமக்கு அரசராதலை ஏற்கமாட்டோம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். சுல்தான் அதற்கு இணங்கி ராஜா முகமதுவைப் பகாங்கிற்கு அரசராக அனுப்பினார். அடங்கியதும் அவரே, வென்றதும் அவரே. மலாக்காவின் பெண்டஹாரா என்றால் யாது பொருள் என்பதை இவ்வொரு நிகழ்ச்சி விளக்கும்.

துன் அலிக்கும் துன் கூடுவுக்கும் பிறந்த மகன் துன் முத்தாஹிர். தந்தை வழியில் மணி புரிந்தானின் பேரர். தாய் வழியில் ஸ்ரீ வாக் ராஜாவின் பேரர். போட்டியிட்ட இரு குடிகளும் அவரிடம் ஒன்றாயின. அவர் உடன்பிறந்தாள் துன் செனாஜா, சுல்தான் மாமூட் ஷாவின் தாய். ஆகவே அரசருக்கு அவர் தாய்மாமன். தெமெங்கோங்காக இருந்து 1500இல் பெண்டஹாரா ஸ்ரீ மகாராஜா ஆனார். அவர் காலத்தில் வணிகம் பெருகிற்று. அவர் செல்வமும் பெருகிற்று. ஒரு நாளில் பலமுறை உடை மாற்றுவார், ஆளுயரக் கண்ணாடி முன் நின்று தலைப்பாகையின் மடிப்பைத் திருத்துவார் என்றெல்லாம் ஏடு அவரைச் சற்றே நகைப்புடன் காட்டுகிறது.

1509இல் போர்த்துக்கீசியக் கப்பல்கள் முதன்முதலாக மலாக்காவுக்கு வந்தன. மறு ஆண்டே துன் முத்தாஹிர் வீழ்ந்தார். அவ்வீழ்ச்சியில் நம்மவர் பங்கு பெரிது. அதனை மறைத்து எழுதுவது வரலாறாகாது. ராஜா மெண்டலியார் என்று ஏடு கூறும் முதலியார் ஒருவரும், நினா சுர தேவானா என்னும் பெருவணிகரும் தம்முள் வழக்காடினர். தேவானா இரவில் பெண்டஹாராவிடம் பொன்னைக் கையுறையாகக் கொடுத்தார். முதலியாருக்குக் கடன்பட்டிருந்த கித்துல் என்பவன் இதனை அவரிடம் சென்று கூறினான். வழக்கில் தோற்பது உறுதியென அஞ்சிய முதலியார், பெண்டஹாரா அரசைக் கவர எண்ணுகிறார் என்று லக்சமணாவிடம் பொருள் கொடுத்துச் சொன்னார். லக்சமணா அதனைச் சுல்தானின் செவியில் இட்டார். பெண்டஹாராவின் மகள் துன் பாத்திமாவின் அழகைத் தம்மிடம் மறைத்து வேறொருவருக்கு மணமுடித்தார் என்னும் சினம் முன்னரே சுல்தானின் மனத்தில் இருந்தது. அவர் ஆராயவில்லை, கொல்ல ஆணையிட்டார்.

வந்தவர்களை எதிர்த்துப் போரிடத் துன் முத்தாஹிரின் மகன் துன் ஹசான் தெமெங்கோங் முனைந்தார். தந்தை தடுத்தார். துன் பேராக் சொன்ன அதே நெறிதான்: குடிமக்கள் அரசரை எதிர்த்து 'டெர்ஹாக்கா' செய்யலாகாது. பெண்டஹாராவும் அவர் அண்ணனும் மகனும் மருமகனும் கொல்லப்பட்டனர். பின்னர் உண்மை வெளிப்பட்டது. முதலியாரும் கித்துலும் கொலைத் தண்டனை பெற்றனர். அதனால் இறந்தவர் மீளவில்லை. ஓராண்டில் மலாக்காவும் இல்லை.

துன் முத்தாஹிரை 'மலாக்காவை ஆண்ட தமிழர்' என்று நம் மேடைகளில் முழங்கக் கேட்டிருக்கிறோம். அவருடைய பாட்டன்மாரில் ஒருவர்தாம் கடல் கடந்து வந்தவர். பேச்சாலும் நெறியாலும் உயிர்விட்ட முறையாலும் அவர் மலாயரே. அவர் தமிழரெனப் பெருமை கொள்வோர், அவருக்கு எதிராகக் கோள் மூட்டிய முதலியாரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டுமன்றோ? மணி புரிந்தானின் வரவையும், வணிகர்களின் பூசலையும் ஒருங்கே கற்பிக்கும் ஆசிரியரே மாணவர்க்கு நன்மை செய்பவர்.

உண்மையிலேயே பெண்டஹாரா பட்டம் ஏற்ற தமிழர் ஒருவர் இருந்தார். பாடநூல்களில் அவர் பெயர் அரிதாகவே வருகிறது. போர்த்துக்கீசியர் 'நினா சட்டு' என்று எழுதும் அவ்வணிகர், 1509இல் சிறைப்பட்ட போர்த்துக்கீசியருக்கு உதவியவர். மலாக்கா வீழ்ந்தபின் அல்புகெர்க் அவரைப் பெண்டஹாரா ஆக்கினார். சில ஆண்டுகளே சென்றன. போர்த்துக்கீசியர் அப்பட்டத்தைக் கம்பார் நாட்டு அரசருக்கு அளிக்க முடிவு செய்தனர். அவமதிப்பைப் பொறாத நினா சட்டு 1514இல் சந்தனக் கட்டையால் சிதையடுக்கச் செய்து, தாமே அதில் புகுந்தார் என்று போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர் எழுதினர். பதவி பெற்ற கம்பார் அரசரையும் அவர்கள் மறு ஆண்டே ஐயுற்றுக் கொன்றனர். அயலார் கையில் அப்பட்டம் பட்ட பாடு அது.

மலாக்காவை இழந்த சுல்தான் மாமூட் 1528இல் கம்பாரில் மறைந்தார். தந்தை கொலையுண்டபின் சுல்தானுக்கு மனைவியாக்கப்பட்ட துன் பாத்திமாவின் மகன் அலாவுதீன் ரியாயாட் ஷா, ஜொகூர் ஆற்றங்கரையில் புதிய அரசை நிறுவினார். ஜொகூரின் முதல் சுல்தான், கொலையுண்ட பெண்டஹாராவின் பேரர். சுல்தானின் ஆணையால் வெட்டுண்ட குடியின் குருதி, அச்சுல்தானின் மகன் வாயிலாகவே ஜொகூரை ஆண்டது.

அந்த ஜொகூரில்தான் 1612ஆம் ஆண்டு, பெண்டஹாரா துன் ஸ்ரீ லானாங் பழைய ஏடுகளைத் திருத்திச் செஜாரா மெலாயுவை எழுதத் தொடங்கினார். மறு ஆண்டு ஆச்சே படை பத்து சாவாரைத் தாக்கி அவரையும் சிறைகொண்டு சென்றது. மலாக்காவின் பெண்டஹாராக்கள் இத்துணைச் சிறப்பாகத் தோன்றுவதற்கு ஒரு காரணம், அவர்தம் கதையை எழுதியவர் அவர்தம் வழிவந்த பெண்டஹாராவே என்பது. இவ்வுண்மையை மறவாமல் படித்தல் வேண்டும். நூன்முகத்தில் அவர் தம் குடிவழியைத் தந்தையிலிருந்து தொடங்கி மேலே மேலே கூறிச்சென்று, துன் அலியையும் அவர் தந்தை மணி புரிந்தானையும் குறிப்பிடுகிறார். அதனை அடுத்துத் தம் இனம் மலாய் என்கிறார். இரண்டும் ஒன்றோடொன்று முரண்படுவதாக அவருக்குத் தோன்றவில்லை.

அரசரை எதிர்ப்பதில்லை என்னும் நெறி 1699இல் முறிந்தது. சுல்தான் மாமூட் ஷா கோத்தா திங்கியில் தொழுகைக்குச் செல்கையில் கொல்லப்பட்டார். கருவுற்ற தம் மனைவி அரசரின் தோட்டத்துப் பலாச்சுளை ஒன்றை உண்டதற்காக அவள் வயிறு கிழிக்கப்பட்டது என்று கொதித்த மேகாட் ஸ்ரீ ராமா என்னும் வீரர் கொன்றார் என்பது வழிவழிக் கதை. சுல்தானுக்கு வாரிசு இல்லை. பெண்டஹாரா அப்துல் ஜலில் சுல்தானாக அமர்ந்தார். ஸ்டூவர்ட் குடி அரச மகளை மணந்து, ஆண்வழி அற்றுப்போன அரியணையை அடைந்தது. பெண்டஹாரா குடிக்கு அரியணை கொலைநிழலில் கிடைத்தது. ஆண்டவரிடமிருந்த தெய்வத்தன்மை புதியவரிடம் இல்லையெனப் பலர் கருதினர். 1718இல் தம்மை மாமூட்டின் மகன் எனக் கூறிக்கொண்ட ராஜா கெச்சில், சியாக்கிலிருந்து வந்து ஜொகூரைக் கைப்பற்றினார். சுல்தான் அப்துல் ஜலில் மீண்டும் பெண்டஹாரா ஆக்கப்பட்டார்! மன்னர் ஒருவர் தம் பழைய வேலைக்கே இறக்கப்பட்டது வேறெங்கும் நிகழ்ந்ததோ, அறியோம். அவர் பின்னர்த் தப்பிச் சென்று 1721இல் குவாலா பகாங்கில் கொல்லப்பட்டார். மறு ஆண்டு அவர் மகன் சுலைமான் பூகிஸ் வீரர்களின் துணையால் ரியாவில் சுல்தானார். அதிகாரமோ பெரிதும் பூகிஸ் தலைவர் கையில் நின்றது.

இதன்பின் அக்குடி ஆலமரம்போல் விழுது விட்டது. அப்துல் ஜலிலின் உடன்பிறந்தார் சைனல் அபிதீன் 1725ஆம் ஆண்டளவில் திரெங்கானுவின் முதல் சுல்தானார். பெண்டஹாரா பட்டம் ஏற்ற கிளையினர் பகாங்கைத் தம் ஆட்சிப் பகுதியாகக் கொண்டனர். 1857 முதல் 1863 வரை உடன்பிறந்தாரிடையே நடந்த போரில் வென்ற வான் அகமது, 1880களில் பகாங்கின் சுல்தான் எனப் பெயர் பூண்டார். தெமெங்கோங் பட்டம் ஏற்ற கிளை, சிங்கப்பூரையும் ஜொகூரையும் சார்ந்து நின்றது.

1819 சனவரியில் இராபிள்ஸ் சிங்கப்பூரில் இறங்கியபோது அங்கே இருந்தவர் தெமெங்கோங் அப்துல் ரஹ்மான். சனவரி 30இல் அவருடனும், பெப்ரவரி 6இல் சுல்தான் உசேனையும் சேர்த்தும் உடன்படிக்கை செய்யப்பட்டது. ஆண்டுக்குச் சுல்தானுக்கு 5,000 வெள்ளி, தெமெங்கோங்கிற்கு 3,000 வெள்ளி. அத்தொகைகளை வைத்துப் பார்த்தால் சுல்தானே உயர்ந்தவர். காலம் கணக்கை மாற்றிவிட்டது. அப்துல் ரஹ்மானின் மகன் டாயேங் இப்ராஹிம் கெட்டாபெர்ச்சாப் பிசின் வணிகத்தாலும், மிளகும் கம்பீரும் பயிரிட்ட சீனருக்கு ஆற்றங்கரைகளை ஒப்படைத்த முறையாலும் வளமுற்றார். சுல்தானின் குடும்பமோ கடனில் ஆழ்ந்தது. 1855 மார்ச்சு 10இல் சுல்தான் அலி, பெயரளவில் பட்டத்தை வைத்துக்கொண்டு, கெசாங் பகுதி நீங்கலாக ஜொகூரைத் தெமெங்கோங்கிற்கு விட்டுக்கொடுத்தார். 1699இல் குருதியால் கிடைத்தது, இம்முறை கையொப்பத்தால் கிடைத்தது.

டாயேங் இப்ராஹிமின் மகன் அபு பக்கார் 1862இல் தெமெங்கோங் ஆனார். தஞ்சோங் புத்ரி என்னும் சிற்றூரை ஜொகூர் பாரு நகராக்கினார். இங்கிலாந்து சென்று விக்டோரியா அரசியாரைக் கண்டார். 1868இல் மகாராஜா என்னும் பட்டம் பூண்டார். 1885 டிசம்பர் 11இல் செய்த உடன்படிக்கையால் ஆங்கிலேயர் அவரைச் சுல்தானென ஏற்றனர். மலாய் அரசுகளுள் முதன்முதலாக எழுத்து வடிவில் அரசியலமைப்பை 1895 ஏப்ரலில் வழங்கியவரும் அவரே. அவ்வாண்டு சூன் திங்கள் இலண்டனில் காலமானார். அவர் அடக்கம் ஜொகூர் பாருவின் மாமூடியா அரச அடக்கத்தலத்தில் உள்ளது. அவர் தந்தையும் பாட்டனாரும் சிங்கப்பூர், தெலுக் பிளாங்காவில் துயில்கின்றனர். மாணவரைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர், கோத்தா திங்கிக்கும் சென்று 1699ஆம் ஆண்டுச் சுல்தானின் அடக்கத்தையும் காட்டினால், ஏட்டில் படித்தது கண்முன் நிற்கும்.

தெமெங்கோங் என்பது இன்று ஜொகூர் அரச குடும்பத்து இளவரசர்க்கு வழங்கும் சிறப்புப் பட்டம். பகாங்கில் அக்குடியின் பெண்டஹாரா கிளையும் ஜொகூரில் தெமெங்கோங் கிளையும் தொடர்ந்து ஆள்கின்றன. 2024 சனவரி 31ஆம் நாள் பகாங் சுல்தான் அப்துல்லாவின் மாமன்னர் பதவிக்காலம் நிறைவுற்று, ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் நாட்டின் 17ஆம் மாமன்னராகப் பொறுப்பேற்றார்.